குளிர்காலத்தில் நெடுந்தொலைவு சைக்கிள் பயணம்: தயாரிப்பும் பதிவேடும்

குளிரும் வேகமும்

குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுபவர் உணரும் குளிரில் ஒரு பங்கை அவரே உண்டாக்கிக்கொள்கிறார். காற்று அசையாத நாளிலும், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்பவர் மீது அதே வேகத்தில் காற்று மோதுகிறது. உடலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றுப்படலத்தை அது கலைத்துவிடுவதால், வெப்பமானி காட்டுவதைவிடக் கூடுதலான குளிர் தோலில் உறைக்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, 0 டிகிரி செல்சியஸில் 25 கி.மீ. வேகக் காற்று ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரியாக உணரப்படும். மைனஸ் 10 டிகிரி மைனஸ் 19 ஆகவும், மைனஸ் 20 டிகிரி மைனஸ் 32 ஆகவும் உணரப்படும். எதிர்க்காற்று வீசினால் அதன் வேகத்தையும் இத்துடன் கூட்டிக்கொள்ள வேண்டும். இறக்கங்களில் வேகம் கூடும் அதே நேரத்தில் மிதிப்பதும் நின்றுவிடுகிறது. உடலில் வெப்பம் உண்டாவது குறைந்து, வெளியேறுவது கூடும் இடம் அது.

வெப்பநிலை மட்டும் அபாயத்தின் அளவுகோல் ஆகாது. இங்கிலாந்தின் குளிர்காலம் பெரும்பாலும் 0 முதல் 8 டிகிரிக்குள் மழையும் ஈரமுமாகக் கழிகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மைனஸ் 20 டிகிரியில் காற்று வறண்டிருக்கும், பனி உதிரியாகக் கிடக்கும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. அதனால் 3 டிகிரி மழையில் நனைந்தவர், மைனஸ் 10 டிகிரியில் உலர்ந்த உடையோடு செல்பவரைவிட விரைவில் நடுங்கத் தொடங்கலாம்.

வேகமும் குளிரில் குறையும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ எடை கொண்டது. 0 டிகிரியில் அது 1.29 கிலோ. ஏறத்தாழ 11 சதவீதம் அடர்ந்த இந்தக் காற்றைக் கிழித்துச் செல்வதில் மட்டும், 25 கி.மீ. வேகத்தில் செல்பவர் மணிக்கு 1 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தை இழப்பார். குளிரில் விறைக்கும் டயர் ரப்பர், தடித்த உடைகள், பனி படிந்த சாலை ஆகியவை மேலும் இழக்கச் செய்யும். கோடையில் எட்டரை மணி நேரத்தில் முடிந்த 200 கி.மீ. பாதைக்கு டிசம்பரில் பத்து மணி நேரம் பிடித்தால், உடல்திறன் குன்றிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. திட்டமிடும்போதும் சாதனையை அளக்கும்போதும் இந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும்.

உடை

குளிர்கால உடையின் முதல் வேலை வியர்வையைக் கையாள்வது. மிதிக்கும் உடல் ஏராளமான வெப்பத்தை வெளியிடும். அதனால் சுரக்கும் வியர்வை உடைக்குள் தேங்கினால், அடுத்த இறக்கத்திலோ ஓய்விலோ அதுவே உடலைக் குளிர்விக்கும். ஆகவே கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலில் கதகதப்பாக இருக்கும் உடை, அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.

மூன்று அடுக்குகள் போதுமானவை. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, வெளியே காற்றைத் தடுக்கும் மேலுறை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அதைத் தவிர்க்க வேண்டும். மேலுறையில் கழுத்தடியிலும் அக்குளிலும் ஜிப் இருப்பது நல்லது. ஏற்றம் தொடங்கும் முன் திறந்து, உச்சியில் இறங்கும் முன் மூடும் பழக்கம், விலை உயர்ந்த துணியைவிட அதிகம் உதவும்.

விரல்களும் பாதங்களும்தான் முதலில் விறைக்கும். உடல் தன் நடுப்பகுதியைக் காக்க அங்கு செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்வதே காரணம். அதனால் உடலின் நடுப்பகுதி குளிர்ந்திருக்கும்போது கையுறையை மட்டும் தடிப்பாக்குவதில் பயன் குறைவு. விரல்கள் ஒன்றையொன்று தொட்டிருக்கும் கையுறை, தனித்தனி விரல் கொண்டதைவிட வெப்பம் காக்கும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே, ஹேண்டில்பாரில் பொருத்தி அதற்குள் கையை நுழைத்துக்கொள்ளும் 'போகீஸ்' உறைகள் ஏற்றவை. உள்ளே மெல்லிய கையுறை போதும் என்பதால் பிரேக்கையும் கியரையும் எளிதில் இயக்கலாம்.

காலணி வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறை அணிந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் குளிர் கூடும். பாதம் மரத்துப்போனால் இறங்கி ஐந்து முதல் பத்து நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது நல்ல மருந்து. தலைக்கு, ஹெல்மெட்டின் அடியில் மெல்லிய குல்லாயோ குரங்குக் குல்லாயோ போதும். குளிர்ந்த வறண்ட காற்று சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். வாய்மேல் சுற்றிய துணி அந்தக் காற்றுக்கு ஈரமும் வெப்பமும் ஊட்டும்.

சைக்கிள்

டயரில் காற்றின் அளவைக் குளிருக்கேற்பச் சரிபார்க்க வேண்டும். 20 டிகிரி அறையில் 5 பார் அடித்த டயர், மைனஸ் 10 டிகிரிக்கு வெளியே வந்ததும் ஏறத்தாழ 4.4 பாராக இறங்கும். வழுக்கும் சாலையில் சற்றுக் குறைந்த அழுத்தம் பிடிப்பைக் கூட்டுவதால் இது முழுக்கத் தீமையல்ல. ஆனால் கோடையில் தேர்ந்த அளவை அறையில் வைத்தே அடித்துவிட்டு நம்பியிருக்கக் கூடாது.

உறைந்த பனிக்கட்டிமேல் சாதாரண டயர் எதுவும் பிடிக்காது. டங்ஸ்டன் கார்பைடு முனைகள் பதித்த ஆணி டயர்களே அங்கு உதவும். வெறும் தார்ச்சாலையில் அவை மெதுவானவை, இரைச்சலும் தருபவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியுமானால் அது முன்சக்கரமாக இருக்கட்டும். பின்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் விழுவதே வழக்கம். ஆழமான உதிரிப் பனிக்கு ஆணியைவிட அகலமே தேவை. 4 முதல் 5 அங்குல டயர் கொண்ட ஃபேட் பைக்குகளில் காற்றழுத்தம் 0.7 பாருக்கும் கீழே இறக்கப்படுவது உண்டு.

பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, செயினையும் போல்ட்டுகளையும் அரிக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் இட வேண்டும். அகலமான மட்கார்டு சைக்கிளையும் ஓட்டுபவரின் முதுகையும் ஒருசேரக் காக்கும். ஃப்ரீவீலுக்குள் கெட்டியான கிரீஸ் இருந்தால் கடுங்குளிரில் அதன் பற்கள் பிடிக்காமல் பெடல் வெறுமனே சுற்றும். பிரேக், கியர் கேபிள்களின் உறைக்குள் புகுந்த ஈரம் உறைந்தால் கியர் மாறாது. சூடான அறைக்கும் வெளிக்குளிருக்கும் மாறி மாறிக் கொண்டுபோனால் உலோகத்தில் நீர் படியும். சூடேற்றாத கொட்டகையில் நிறுத்துவது இதைத் தடுக்கும்.

லித்தியம் பேட்டரிகள் குளிரில் குறைந்த நேரமே தாங்கும். விளக்கின் உதிரி பேட்டரியையும் பவர்பேங்கையும் மேலுறையின் உட்பையில் வைக்க வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே அவற்றை சார்ஜ் செய்வது பேட்டரிக்குக் கேடு. நீண்ட இரவுகளுக்கு முன்சக்கரத்தின் நடுவில் பொருத்தும் டைனமோ நம்பகமானது. பின்விளக்கு இரண்டு இருப்பது நல்லது. ஒன்று அணைந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

பாதையும் நேரமும்

நெடுந்தொலைவு ஓட்டுபவர்களின் அடிப்படை அலகு, 'பிரெவே' எனப்படும் நேர வரம்புள்ள 200 கி.மீ. பயணம். உலகெங்கும் ஒரே விதியில் நடக்கும் இந்தப் பயணத்துக்கு 13 மணி 30 நிமிட வரம்பு உண்டு. இத்தகைய பயணங்களை ஓட்டுபவர்கள் 'ரேண்டனர்' எனப்படுகிறார்கள்; இந்தியாவின் ரேண்டனர் குழுக்களும் இதே வரம்பில்தான் நடத்துகின்றன. லண்டனில் டிசம்பர் 21 அன்று பகல் வெளிச்சம் சுமார் 7 மணி 50 நிமிடமே. முழு நேரத்தையும் எடுத்துக்கொள்பவர் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் ஓட்டுவார். காலை 6 மணிக்குக் கிளம்பி, மணிக்கு 20 கி.மீ. சராசரியில் பத்து மணி நேரம் மிதித்து, ஒன்றரை மணி நேரம் ஓய்வெடுப்பவர் மாலை 5.30க்கு முடிப்பார். அவருக்கும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் இருட்டுதான்.

சாலை மிகவும் உறைந்திருப்பது விடியலையொட்டி. ஆகவே முதல் இரண்டு, மூன்று மணி நேரத்தை உப்புத் தூவிய பெருஞ்சாலைகளிலும், வெயில் ஏறிய பின் கிராமச் சாலைகளிலும் அமைப்பது பாதுகாப்பு. பாலங்கள் அடியிலிருந்தும் குளிர்வதால் மற்ற சாலையைவிட முன்னதாக உறையும். மர நிழலும், வெயில் படாத மலைச்சரிவும், வயலிலிருந்து நீர் கசியும் இடமும் அப்படியே. தாரின் நிறத்திலேயே கண்ணாடிபோல் படியும் மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் வந்துவிட்டால் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், மிதிப்பதை நிறுத்தி நேராக உருள விடுவதே வழி.

காற்று வீசும் திசையைப் பார்த்து, எதிர்க்காற்றில் போய்ப் பின்காற்றில் திரும்பும்படி பாதை வகுக்க வேண்டும். களைத்து வியர்த்த நிலையில் எதிர்க்காற்று வாய்ப்பது ஆபத்தானது. நேர்க்கோட்டில் 100 கி.மீ. போய்த் திரும்புவதைவிட, வீட்டையோ ரயில் நிலையத்தையோ நடுவில் வைத்து எட்டு வடிவில் சுற்றும் பாதை மேலானது. எந்த இடத்திலும் 25, 30 கி.மீ.க்குள் வெளியேறும் வழி இருக்கும்.

உணவும் நீரும்

குளிரில் தாகம் மந்தமாகிவிடும், நீரிழப்பு நிற்காது. வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகிறது. பாட்டிலில் நீர் மேற்பரப்பிலிருந்து உறையும் என்பதால், மூடி கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் வாய் அடைபடுவது தாமதமாகும். இன்னும் கடுங்குளிருக்கு ஃப்ளாஸ்க் வேண்டும். முதுகில் சுமக்கும் நீர்ப்பையை மேலுறைக்குள் அணிந்து, குடித்த பின் குழாயில் உள்ள நீரை ஊதிப் பைக்குள் தள்ளிவிட வேண்டும்.

மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது நீண்ட பயணத்துக்குப் பொதுவான அளவு. நடுக்கமும் உடலின் சர்க்கரைச் சேமிப்பைத் தின்பதால், பசித்தவர் விரைவில் குளிர்வார், குளிர்ந்தவருக்கு விரைவில் பசிக்கும். சாக்லேட்டும் எனர்ஜி பாரும் உறைந்து பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினமாகும். அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி உட்பையில் வைக்க வேண்டும். கையுறையைக் கழற்றாமல் எடுத்து உண்ண முடியாத உணவு, குளிரில் உண்ணப்படாமலே போகும். ஓய்வைக் கூரைக்குள் வைத்து, 15, 20 நிமிடத்தில் முடித்து, அந்த நேரத்தில் நனைந்த உள்ளாடையை மாற்றிக்கொள்வது சிறந்தது.

திரும்பும் முடிவு

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதே உடல்வெப்பக் குறைவு. அது முதலில் பாதிப்பது கை நுணுக்கத்தையும் தீர்மானிக்கும் திறனையும்தான். திரும்பலாமா என்று யோசிக்க வேண்டிய மூளையே மந்தமாகிவிடுவதால், திரும்ப வேண்டிய எல்லைகளைக் கிளம்பும் முன்பே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் குறைந்தது இவை இருக்க வேண்டும்:

1. ஜிப்பை இழுக்கவோ பிரேக்கை அழுத்தவோ விரல்கள் ஒத்துழைக்காவிட்டால், அடுத்த கூரையில் பயணம் நிற்க வேண்டும்.
2. உண்டு, உடுத்தி, 15 நிமிடம் மிதித்தும் நடுக்கம் அடங்காவிட்டால் பயணம் முடிந்தது.
3. உடல் சூடாகாமலே நடுக்கம் நின்றாலோ, பேச்சு குழறினாலோ, காலடி தடுமாறினாலோ மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.
4. மூக்கு, காது, கன்னம், விரல் நுனி வெளுத்து உணர்விழந்தால் அது பனிக்கடியின் தொடக்கம்.
5. விழுந்ததும் உறையும் மழை பெய்யத் தொடங்கினால் சாலையைவிட்டு விலக வேண்டும்.

காற்றுக்குளிர் மைனஸ் 28 டிகிரிக்குக் கீழே போனால், மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடத்தில் பனிக்கடி ஏற்படலாம் என்பது கனடிய வானிலைத் துறையின் எச்சரிக்கை. பாதித்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாம். ஆனால் மீண்டும் உறையும் வாய்ப்பு இருக்கும்வரை அதையும் செய்யக் கூடாது, உருகி மறுபடி உறைந்த திசு இன்னும் மோசமாகச் சேதமடையும்.

மின்னசோட்டாவின் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகரிலிருந்து ஆண்டுதோறும் குளிர்காலத்தின் நடுவில் தொடங்கும் 'ஏரோஹெட் 135' பந்தயம், இத்தகைய குளிருக்கான முன்னெச்சரிக்கையை விதியாகவே ஆக்கியிருக்கிறது. 135 மைல், அதாவது சுமார் 217 கி.மீ. பனிப்பாதை, 60 மணி நேரம். மைனஸ் 29 டிகிரி தாங்கும் உறக்கப்பை, அடுப்பு, எரிபொருள், தீப்பெட்டி, விசில் ஆகியவற்றை ஒவ்வொருவரும் சுமந்தாக வேண்டும். எங்கே நின்றுபோனாலும் அங்கேயே ஓர் இரவைக் கழிக்க முடிபவரே அந்தப் பாதையில் அனுமதிக்கப்படுகிறார்.

பதிவேடு

குளிர்காலப் பதிவேட்டில் தொலைவைவிடச் சூழலைக் குறிப்பது பயனுள்ளது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி போதும்: தேதி, தொலைவு, மிதித்த நேரம், மொத்த நேரம், புறப்பட்டபோதும் மிகக் குறைந்தபோதும் இருந்த வெப்பநிலை, காற்று, சாலையின் நிலை, டயர் அழுத்தம், அணிந்த உடை, எந்த உறுப்பு குளிர்ந்தது அல்லது வியர்த்தது. இருபது வரி சேர்ந்ததும், 2 டிகிரி ஈரநாளில் எந்தக் கையுறை என்ற கேள்விக்கு அந்த ஏடே பதில் சொல்லும்.

ஜி.பி.எஸ். கருவி தொலைவையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்ளும். ஆனால் குளிரில் பேட்டரி திடீரென்று அணையலாம். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடும் கருவிகள், வானிலை மாறும் நாளில் ஏறிய உயரத்தைத் தவறாகக் காட்டும். அன்று மாலையே கையால் ஒரு வரி எழுதிவிடுவது இதற்குக் காப்பு. வீட்டுக்குள் டிரெய்னரில் மிதித்ததைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். இரண்டையும் கலந்தால் ஆண்டுக்கணக்கை ஒப்பிட முடியாது.

மைல்கற்களின் வகைகள்

மொத்தத் தொலைவு பழைய அளவுகோல். ஓராண்டில் யார் அதிகம் ஓட்டுவது என்ற போட்டியை இங்கிலாந்தின் 'சைக்கிளிங்' இதழ் 1911இல் தொடங்கியது. 1939இல் டாமி காட்வின் 75,065 மைல், அதாவது 1,20,000 கி.மீ.க்கு மேல் ஓட்டினார். அந்த ஆண்டின் கடைசி நான்கு மாதங்களை இங்கிலாந்தின் குளிரோடு போர்க்கால விளக்கணைப்பிலும் கடந்தார். 2016-17இல் 86,573.2 மைல் ஓட்டிய அமாண்டா கோக்கர், பெரும்பகுதியை ஃப்ளோரிடாவின் வெதுவெதுப்பான ஒரு பூங்காச் சுற்றுப்பாதையில் முடித்தார். இரண்டு எண்களும் சாதனைகளே. எந்தச் சூழலில் பிறந்தவை என்பதை எண்கள் மட்டும் சொல்வதில்லை.

தொடர்ச்சி இரண்டாவது அளவுகோல். அடுத்தடுத்த 12 மாதங்களிலும் மாதம் ஒரு 200 கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பயணத்தை முடிப்பவருக்கு, அமெரிக்காவின் ரேண்டனர் அமைப்பு 'ஆர்-12' விருதும், பிரிட்டனின் ரேண்டனர் அமைப்பான ஆடாக்ஸ் யூ.கே. 'ரேண்டனர் ரவுண்ட் தி இயர்' விருதும் வழங்குகின்றன. எந்த மாதத்திலும் தொடங்கலாம். இதில் வேகத்துக்கு மதிப்பில்லை, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்ற மூன்று கண்ணிகளைக் காப்பதே சவால். அந்த மாதங்களின் பயணத்தை முதல் இரு வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். மாதக் கடைசியில் ஒரே நாள் மீதமிருக்கும்போதுதான் உறைபனிச் சாலையிலும் கிளம்பத் தூண்டும் நெருக்கடி வருகிறது.

குறுகிய காலக் குறிக்கோள் மூன்றாவது. சைக்கிள் உடை தயாரிக்கும் ராஃபா நிறுவனத்தின் வடிவமைப்பாளர் கிரேம் ரேபர்ன் 2010இல் தொடங்கி வைத்த 'ஃபெஸ்டிவ் 500', டிசம்பர் 24 முதல் 31 வரை 500 கி.மீ. ஓட்டச் சொல்கிறது. எட்டு நாளும் ஓட்டினால் நாளுக்கு 62.5 கி.மீ. இரண்டு நாள் பனியால் வீணாகும் என்று வைத்துக்கொண்டு, ஆறு நாளுக்கு 84 கி.மீ. எனத் திட்டமிடுவது நடைமுறைக்கு ஏற்றது.

நான்காவது, வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டன் பெயரால் வழங்கும் எடிங்டன் எண். குறைந்தது 50 நாட்களில் குறைந்தது 50 கி.மீ. ஓட்டியவரின் எண் 50. 1944இல் அவர் இறந்தபோது மைல் கணக்கில் அவருடைய எண் 84. கணக்கிட, நாள்தொலைவுகளை இறங்குவரிசையில் எழுத வேண்டும். 62, 45, 30, 12, 9, 6, 5, 4 என்று இருந்தால் ஆறாவது இடத்தில் 6 இருக்கிறது, ஏழாவது இடத்தில் 5 மட்டுமே. எனவே எண் 6. அதை 7 ஆக்க ஒரு பயணம் போதாது. 7 அல்லது அதற்கு மேற்பட்டவை ஐந்தே உள்ளதால் இன்னும் இரண்டு வேண்டும். எண் உயர உயர, குறுகிய பயணங்கள் கணக்கில் சேராமல் போகும். எண் 80ஐ நெருங்கியவருக்கு ஜனவரியின் 50 கி.மீ. எதையும் கூட்டாது. அதனால் இந்த எண்ணை வளர்க்கும் முயற்சியைக் கோடைக்கு ஒதுக்குவது விவேகம்.

குளிர்காலத்துக்கு ஏற்ற அளவுகோல் மிதித்த மணி நேரமும், மிதித்த நாட்களின் எண்ணிக்கையும். பனியில் 20 கி.மீ. எடுக்கும் உழைப்பு தார்ச்சாலையின் 40 கி.மீ.க்கு நிகராகலாம், கடிகாரம் இரண்டையும் நியாயமாகவே எண்ணும். இதுவரை ஓட்டியதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிவேட்டில் குறிக்கலாம், ஆனால் அதை இலக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த இலக்கை அடைய ஒரே வழி இன்னும் ஆபத்தான நாளைத் தேடிப் போவதுதான்.

பருவத்தின் திட்டம்

நவம்பரில் மாலைக் குறும்பயணங்களில் உடையையும் விளக்கையும் சோதிக்க வேண்டும். முதல் உறைபனிக்கு முன் ஆணி டயரைப் பொருத்தி, 40, 50 கி.மீ. சாதாரணச் சாலையில் நிதானமாக ஓட்டினால் ஆணிகள் டயரில் நன்கு பதியும். டிசம்பரில் 100 கி.மீ.யைச் சுற்றுப்பாதையில் முடித்த பின்பே 200 கி.மீ.க்குப் போவது முறை. பிப்ரவரிவரை வார இலக்கை மணி நேரத்திலும், மாத இலக்கை ஒரு நீண்ட பயணத்திலும் வைக்கலாம். இரவு முழுதும் ஓட்ட நேரும் 300 கி.மீ.யும் அதற்கு மேலும் மார்ச்சுக்குப் பிறகு.

மார்ச் இறுதியில் பதிவேட்டைத் தொகுக்கும்போது ஜனவரியைச் சென்ற ஆண்டு ஜனவரியோடு ஒப்பிட வேண்டும், ஜூலையோடு அல்ல. பாதியில் திரும்பிய பயணங்களை நீக்காமல், காரணத்தோடு தனியே எழுதிவைக்க வேண்டும். ஒரே காரணம் இரண்டு, மூன்று முறை வந்திருந்தால், அடுத்த நவம்பருக்குள் மாற்ற வேண்டிய கையுறையோ டயரோ புறப்படும் நேரமோ எது என்பது அதிலிருந்து தெரியும்.